தொன்மையும் விருந்தும்: ‘இந்தியன் ஓசன்’ குழுவின் இரு இசைத்தொகுப்புகள்

கலைஞரின் முன்னைப் படைப்பையும் பின்னைப் படைப்பையும் ஒப்புநோக்குவோர் பெரும்பாலும் இரண்டிலொரு முடிபுக்கே வருவர். வளர்ந்தார் என்பர், அன்றேல் தளர்ந்தார் என்பர். இவ்விரு சொற்களுள்ளும் அடங்காத மூன்றாவது நிலையொன்று உண்டு. அது வகை மாறுதல். வகை மாறிய படைப்பைப் பழைய அளவுகோலால் அளந்து குறை காண்பது திறனாய்வாகாது. டில்லி மாநகரில் 1990ஆம் ஆண்டு தோன்றிய ‘இந்தியன் ஓசன்’ என்னும் றொக் இசைக்குழுவின் வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

இக்குழுவைத் தொடங்கியோர் கிற்றார்க் கலைஞர் சுஸ்மித் சென்னும், தபேலா வாசித்துக்கொண்டே பாடவல்ல அசீம் சக்கரவர்த்தியும் ஆவர். பின்னர் ராகுல் ராம் அடித்தொனிக் கிற்றாருடனும் குரலுடனும், அமித் கிலாம் முரசுத் தொகுதியுடனும் வந்து சேர்ந்தனர். திரைப்படத்தின் நிழலிலன்றித் தம் கால்களிலேயே நின்று பாடல்களை ஆக்கிய இந்நால்வரும் 2000ஆம் ஆண்டு ‘கந்தீசா’ என்னும் தொகுப்பை வெளியிட்டனர். பதினான்கு ஆண்டுகளின் பின் ‘தந்தனு’ வெளிவந்தது. ஈண்டு ஆராயப்படுவன இவ்விரண்டுமே.

இவற்றை அளப்பதற்குரிய அளவுகோலைத் தமிழ் மரபிலேயே காணலாம். செய்யுளின் வனப்பு எட்டெனத் தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கின்றது. அவற்றுள் தொன்மை என்பது பழமையைப் பொருளாகக் கொள்வது. புலன் என்பது வழக்குமொழியால் ஆகித் தேடாமலே பொருள் விளங்குவது. விருந்து என்பது புதிதாகப் புனையப்படுவது. இயலுக்கு வகுத்ததை இசைக்குப் பொருத்துதல் தகுமோ என ஐயுறுவார் உளராகலாம். காரைதீவில் தோன்றிய விபுலானந்த அடிகள் 1947இல் அரங்கேற்றிய யாழ்நூலில் இலக்கிய அறிவையும் இசையறிவையும் ஒருங்கே கொண்டுதான் பழைய யாழை ஆராய்ந்தார். இயலும் இசையும் ஒன்றற்கொன்று விளக்காகும் என்பதற்கு அந்நூலே போதிய சான்று.

‘கந்தீசா’வின் தலைப்புப் பாடல் கேரளத்துச் சுரியானிக் கிறித்தவரின் வழிபாட்டில் வழங்கும் பழைய துதிப்பாடலை அடியாகக் கொண்டது. கந்தீசா என்னும் சுரியானிச் சொல் தூய்மையுடையது எனப் பொருள்படும். டில்லியில் வாழ்ந்த இந்நால்வருக்கும் அது வீட்டுமொழியன்று. கேட்போருள் மிகப் பலருக்கும் அது விளங்காத மொழி. எனினும், மெல்லெனத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து செல்லும் அப்பாடல் அந்நியமாக ஒலிப்பதில்லை. சொல்லின் பொருளை அறியாதவனும் அதன் பணிவை அறிகின்றான். இது தொன்மையின் வனப்பு. ‘மா ரேவா’ என்னும் பாடலோ நர்மதைப் பள்ளத்தாக்கின் நாட்டார் பாடலிலிருந்து பிறந்தது. ரேவா என்பது அவ்வாற்றின் மறுபெயர். அங்கு பேரணைகளை எதிர்த்து எழுந்த மக்கள் இயக்கத்துடன் ராகுல் ராம் தொடர்புடையவராதலின், அப்பாடல் ஏட்டிலிருந்து எடுத்தாளப்பட்டதாகத் தோன்றாது, ஆற்றங்கரையில் வாழ்ந்தோரிடமிருந்து கைமாறி வந்ததாகவே ஒலிக்கின்றது. இது புலனின் வனப்பு.

இவ்விரு வனப்புகளும் கைகூடியமைக்குக் காரணம் ஒன்றே. அயலிலிருந்து வந்தவை பாடல்கள். அவற்றை ஏற்றவர் நால்வர். சென்னின் கிற்றார் சில இடங்களில் சித்தாரை நினைவூட்டுகின்றது. சக்கரவர்த்தியின் குரலும் தபேலாவும் ஒரே மூச்சிலிருந்து எழுகின்றன. ஒருவர் ஒலிக்கையில் மற்றையோர் ஒதுங்கி வழிவிடுகின்றனர். எம்மொழிப் பாடல் வந்தாலும் அந்நால்வரின் கூட்டொலிக்குள் புகுந்து அவ்வீட்டுப் பிள்ளையாகி விடுகின்றது.

இந்நிலை நீடிக்கவில்லை. 2009 டிசம்பர் 25ஆந் திகதி அசீம் சக்கரவர்த்தி காலமானார். குரலுக்கு இமான்சு ஜோசியும் தபேலாவுக்குத் துகீன் சக்கரவர்த்தியும் பின்னர் அமர்ந்தனர். ஒருவர் இருந்த இடத்துக்கு இருவர் வேண்டியிருந்தமையே அவ்விழப்பின் அளவைக் கூறும். 2013இல் சுஸ்மித் சென்னும் விலகினார். குழுவைத் தோற்றுவித்த இருவரும் இல்லாத நிலையில், அடுத்த ஆண்டு ‘தந்தனு’ வெளிவந்தது.

இதில் வந்தவை பாடல்கள் மட்டுமல்ல, ஆட்களும் வந்தனர். ஏழு பாடல்களைக் கொண்ட இத்தொகுப்பில் சுபா முத்கல், சங்கர் மகாதேவன், விசால் தத்லானி, கர்ஷ் காலே, விசுவ மோகன் பட், வயலின் குமரேஷ், கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷ் ஆகிய எழுவர் விருந்தினராயினர். தமிழில் விருந்து என்னும் சொல் புதுமையையும் குறிக்கும், வீட்டுக்கு வந்தாரையும் குறிக்கும். ‘தந்தனு’ இரு பொருளிலும் விருந்தாகும்.

ஆயினும் விருந்தினர் எல்லாரும் ஒரே வகையாய் அமையவில்லை. கருவியிசைக்கென நீண்ட இடம் விட்டு வைப்பது இக்குழுவின் தொடக்ககால இயல்பு. ஆதலால் வயலினும் கஞ்சிராவும் மோகன வீணையும் வந்தபோது அவற்றுக்கு இருக்கை ஆயத்தமாகவே இருந்தது. வினாவும் விடையுமாய் உரையாடல் நிகழ்ந்தது. புகழ்பெற்ற குரல்கள் வந்த இடங்களின் நிலை வேறு. குழுவில் வெறுமையாய் இருந்தது குரலின் இருக்கையே. அங்கு எவர் அமரினும் கேட்போன் முன்பு அமர்ந்திருந்தவரை நினைக்கின்றான். பாடியவர் வன்மையிற் குறைந்தவரல்லர். ஆனால் பாடல் குழுவினுடையதாக அன்றி அவருடையதாக ஒலித்துவிடுகின்றது.

இதனைத் தளர்ச்சி எனலாமோ? ஆகாது. இழப்பை மறைத்துப் பழைய குரலைப் போலி செய்ய முயன்றிருந்தால் அதுவே தளர்ச்சி. இழந்த இடத்தைத் திறந்து வைத்து, அயலாரை அழைத்து, வேறு வகை வனப்பை நாடியது துணிவுடைய செயல். ஏழும் ஒருங்கே வெற்றி பெறாமை அத்துணிவின் விலை எனலே பொருந்தும். தொன்மையாலும் புலனாலும் ‘கந்தீசா’ உயர்ந்தது. விருந்தால் ‘தந்தனு’ தன் இடத்தைப் பெற்றது. முன்னது நிறைந்த வீடு. பின்னது திறந்த வாயில். 2023இல் ‘தூ ஹை’ என்னும் தொகுப்பையும் இக்குழு வெளியிட்டமை அவ்வாயில் அடைபடவில்லை என்பதைக் காட்டும்.

இவ்வாராய்ச்சி டில்லிக்கு மட்டும் உரியதன்று. இறக்காமம் முதலாகக் கல்முனைக் கரைவரை பரந்த வயலூர்களில் வழங்கிய நாட்டார் கவிகள் பல. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோரின் உழைப்பால் அவற்றுட் பல ஏட்டில் ஏறியுள்ளன. ஏட்டில் ஏறியது மீண்டும் வாயில் ஏறினாலன்றி இசையாகாது. நாளை இம்மண்ணின் இளைஞர் கிற்றாரும் றபானும் கொண்டு அக்கவிகளைப் பாடப் புகுவாராயின், முதலிற் கற்க வேண்டியது ‘கந்தீசா’வின் பாடம்: பாடல் பாடுவோரின் வீட்டுப் பிள்ளையாகும்வரை அதனோடு வாழ்தல். பெருங்கலைஞரை விருந்துக்கு அழைப்பது அதன் பின்னரே. வீடு அமையாமல் விருந்து அழைப்பின், வந்தவர் அமர இடமிராது; வந்தவரையன்றி வீட்டாரை எவரும் அறியார்.