உரிமைப் பெண்

கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து வில்பட்டிக்குப் போகும் பாதையில், படிப்படியாக இறங்கும் பூண்டுத் தோட்டங்களைப் பார்ப்பவருக்கு, அந்தச் சிறு பூமி பல பங்காகத் துண்டுபட்டால் ஒரு குடும்பம் பிழைப்பது எத்தனை அரிது என்பது சொல்லாமலே விளங்கும். தாராபுரம், காங்கேயம் சீமையிலிருந்து சில நூற்றாண்டுகளுக்குமுன் மலையேறி வந்ததாகத் தம் பூர்வீகத்தைக் கூறும், இம்மலையின் உழவர்களான குன்னுவர்களிடையே, அத்தை மகள்மீது ஒருவனுக்குரிய பாத்தியதை வெகு கண்டிப்பாகப் பேணப்பட்டதற்கு நிலமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆண் வாரிசில்லாத வீட்டின் சொத்துக்கு உரியவளாகும் பெண்ணை, ஒரு சிறுவனுக்கோ தகப்பன் வீட்டின் ஒரு பகுதிக்கோ பெயரளவில் மணமுடித்து, அதன்பின் தன் இனத்தில் விரும்பியவனோடு வாழ அனுமதித்து, பிறந்த பிள்ளைகளுக்கே சொத்தைச் சேர்ப்பித்த வழக்கமும் அவர்களிடம் இருந்ததென்று தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூல் குறிக்கிறது. விவாகம் என்பது நிலத்துக்குக் காவலாக நின்ற காலம் அது. சொத்துக்காகக் கட்டிய அந்த வேலிக்குள்தான், விந்தையாக, பெண்ணின் விருப்பத்துக்கும் சிறிது இடம் கிடைத்தது.

தமிழகமெங்கும் பரவிய இத்தகைய முறை மணத்தில் மெய்யான நன்மை உண்டு. காதுகுத்தின்போது மடியில் இருத்திக்கொண்ட தாய்மாமனே மாமனாராகிறார். சிறுவயதில் உரிமையோடு புகுந்து தின்ற அடுக்களையே புக்ககமாகிறது. முன்பின் அறியாத வீட்டில் தனித்துத் தவிக்கும் துயரம் பெண்ணுக்குக் குறைவு.

ஆயினும், முறைமாமன் இருக்கையில் வெளியில் கொடுப்பதா என்று ஊரே கேட்கிறதே, பெண்ணைக் கேட்டவர் யார்? மறுத்தால் இரண்டு குடும்பங்கள் நல்லது கெட்டதற்குக்கூடப் போக்குவரத்தின்றிப் பிரிகின்றன. அந்தப் பழிக்கு அஞ்சியே பலர் கழுத்தை நீட்டியிருக்கிறார்கள். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து மணமக்கள் இருவரிடமும் மறைந்து வந்த குறை, குழந்தையிடம் சேர்ந்து நோயாக வெளிப்படவும் இடமுண்டு. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இத்தகைய நெருங்கிய உறவு மணத்தைத் தடுத்தும், வழக்கமுள்ளவர்களுக்கு விலக்களித்தது. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் மணமான பெண்களில் சுமார் 28 சதவீதத்தினர் உறவிலேயே மணந்தவர்கள். இந்திய அளவில் அது 11 சதவீதமே.

இந்துக் குடும்பங்களில், 1989-இல் தமிழகச் சட்டம் அப்போது மணமாகாதிருந்த மகளுக்கும், 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும், பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை அளித்தபின், நிலத்தைக் காக்கப் பெண்ணைக் கட்டிவைக்கும் நியாயம் தீர்ந்துவிட்டது. இருவரும் மனமொத்து விரும்பினால், மருத்துவரின் ஆலோசனையோடு, உறவில் மணக்கட்டும். பாத்தியதை மட்டும் ஒழியவேண்டும். பெற்றோர்களே, மாமன் வீட்டுக்கு வெற்றிலை பாக்குத் தட்டு அனுப்புமுன், மகளைத் தனியே அழைத்து அவள் சம்மதத்தைக் கேளுங்கள். அவள் மறுத்தால் அந்தத் தட்டை எடுக்காதீர்கள்.