ஒரே கை வரைந்த இரு படகுகள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட், 1950களின் கடைசியில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு படகு வடிவங்களுக்கு உயிர் கொடுத்தார். ஒன்று நின்ற இடத்தில் ஆடாதது. மற்றது அலைமேல் விரைகையில் முதுகெலும்பை உலுக்காதது. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பதை நினைக்க நினைக்க வியப்பு அடங்கவில்லை.

முதலாவது, படகு உற்பத்தியாளர் டிக் ஃபிஷருக்காக ஹன்ட் செம்மைப்படுத்திய பதின்மூன்று அடி பாஸ்டன் வேலர். 1958இல் விற்பனைக்கு வந்தது. அதன் அணியத்தைப் பாருங்கள்: கூர்ந்து முடியாமல், சதுரமாக அகன்று நிற்கிறது. அடியில் நடுவே ஒரு முகடு, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று. ஓரத்து முகடுகள்தான் படகைத் தாங்குகின்றன. கொக்கியில் சிக்கிய மீனைத் தூக்க இருவர் ஒரே பக்கம் சாய்ந்தாலும் அது சற்றே தாழும், அவ்வளவுதான். ஃபைபர் தோல்கள் இரண்டு. அவற்றின் நடுவே ஊற்றிய நுரை பொங்கி, இறுகி, இரண்டையும் ஒரே உடலாகப் பிணைத்துவிடும். வெற்றுக்கூடான படகைப்போல், தட்டினால் இதன் பக்கம் பறையொலி எழுப்பாது. இரண்டாகப் பிளந்தாலும் அந்த நுரை மூழ்க விடாது. 1961இல் லைஃப் இதழுக்காக ஃபிஷர் படகில் உட்கார்ந்திருக்க, அதைக் குறுக்கே அறுத்துக் காட்டினார்கள். மோட்டார் இருந்த பின்பாதியை அவர் ஓட்டிக்கொண்டே போனார்! வெளிர்நீல உட்புறத்தில் மகோகனி இருக்கைகளை வைத்த அந்த ரசனையும் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் காற்று கிளப்பும் நெருக்கமான குட்டையலையில் இதே அகலம் தண்டனை. தட்டையான பரப்பு நீரில் விழும்போது மொத்த அடியும் ஒரே கணத்தில் வாங்கப்படுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது வடிவத்தின் பெருமை இங்கேதான் புரியும். ஆழ்ந்த 'வி' அடி. பழைய விசைப்படகுகளில் அணியத்தில் கூராகத் தொடங்கும் அடி, பின்னால் போகப்போகத் தட்டையாகிவிடும். ஹன்ட் அந்தச் சரிவை, ஏறத்தாழ 24 பாகை, பின்பலகை வரை விடாமல் கொண்டுபோனார். அலையிலிருந்து எழும்பி இறங்கும் படகின் நடுமுகடு முதலில் நீரைத் தொடுகிறது. பிறகு சரிவு சிறிதுசிறிதாக அமிழ்கிறது. அதிர்ச்சி ஒரே கணத்தில் தாக்காமல் பரவிக் கரைந்துபோகிறது. நீளவாக்கில் ஓடும் மெல்லிய வரம்புகள் நீர்த்தூவலை வெளியே தள்ளி, படகையும் சற்றே தூக்கிவிடுகின்றன. விரலகல வரம்புக்கு இத்தனை வேலை! 1960இல் கொந்தளித்த கடலில் நடந்த மயாமி–நாசோ பந்தயத்தில் படகுப் பந்தயக்காரர் டிக் பெர்ட்ராமின் 'மாப்பி' இந்த அடியோடுதான் வென்றது. அதிலிருந்து பிறந்த பெர்ட்ராம் 31, கடல்மீன் பிடிப்பவர்களின் செல்லப்படகானது. இந்த அடிக்காகக் கொடுக்கும் விலை, நங்கூரமிட்டதும் தெரியும்: பக்கவாட்டு அலைக்கு உருள்கிறது. தூண்டில் போடுபவர் காலூன்றி நிற்கவே பாடுபட வேண்டும். அதே வேகத்துக்குக் கூடுதல் எஞ்சின் வலுவும் கேட்கும்.

எதை எடுப்பது? தூண்டில்காரரின் பொழுதில் பெரும்பகுதி நின்று கழிவதுதான். குடாவும் கழிமுகமும் போதும் என்பவருக்கு வேலரையே சொல்வேன். கரை மறையும் தூரம் போகிறவர் உருளலைப் பொறுத்துக்கொண்டு 'வி'யில் ஏறட்டும். காலையில் அமைதியாக அனுப்பிவைத்த கடல், பிற்பகலில் காற்றேறி நிற்கும்போது, வீடு திரும்ப வேண்டியது அதன்மேல்தான்.