சீருடைக்குள் ஒரு கூலியாள்

புதுவைத் தொழிலாளர் வரலாற்றில் 1936 சூலை 30 குருதி தோய்ந்த நாள். எட்டு மணி நேர வேலை கேட்டும் சங்க உரிமை கேட்டும் போராடிய சவானா ஆலைப் பாட்டாளிகளைப் பிரெஞ்சு ஆட்சியின் ஆயுதப்படை சுட்டது. பன்னிருவர் மாண்டனர். அந்நாளைப் பற்றி எழுதுவோர் மாண்டவரைப் போற்றுகின்றனர், போற்றத்தான் வேண்டும். சுடச் சொன்னவரைச் சாடுகின்றனர், சாடத்தான் வேண்டும். ஆனால் இடையிலே துப்பாக்கி ஏந்தி நின்றானே ஒருவன், அவன் யார்? அரக்கன் என்ற ஒரே சொல்லில் அவன் கதையை முடித்து விடுகின்றனர். நாம் அதை ஏற்கவில்லை. அவனும் மாதக் கூலிக்கு உழைத்தவன்தான். ஏன் என்று கேட்கும் உரிமை இல்லாத கூலியாள்!

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேட்டவர்கள் உண்டு. அமெரிக்காவிலே, பாஸ்டன் நகரிலே, 1919 செப்டம்பர் 9 அன்று, 1,544 காவலரில் 1,117 பேர் பணிக்குச் செல்ல மறுத்தனர். பேராசையாலா? பகற்காவலருக்கு வாரம் 73 மணி நேர வேலை. இரவுக் காவலருக்கு 83. வண்டிக் காவலருக்கு 98! எலியும் பூச்சியும் உலவும் நிலையங்களிலே உறக்கம். சீருடையும் சொந்தக் காசில். போரினால் விலைவாசி ஏறிற்று. ஊதியமோ அதனோடு ஏறவில்லை. சங்கம் கண்டனர், அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் இணைந்தனர். அதுதான் குற்றமாயிற்று. ஆணையர் கர்ட்டிஸ் சங்கத்தின் முன்னணியினர் 19 பேரைப் பணியிடை நீக்கினார். மேயர் அமைத்த குழு சமரசத் திட்டம் தந்தது. அதையும் அவர் தள்ளினார்.

காவலர் விலகிய இரவிலே கடைகள் உடைக்கப்பட்டன. படை வந்தது, சுட்டது, உயிர்கள் போயின. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பழி முழுவதும் காவலர் தலையில் விழுந்தது. சமரசத்தை மறுத்தவர் தலையில் ஒரு துளியும் விழவில்லை. பொதுப் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்ய எவருக்கும் உரிமையில்லை என்று முழங்கிய ஆளுநர் கூலிட்ஜ், 1923இல் நாட்டின் அதிபரே ஆனார். போராடியவர்களோ வேலை இழந்தனர். அவர்களை மீண்டும் சேர்க்கவே இல்லை.

வேடிக்கை இனிமேல்தான். அவர்கள் இடத்தில் அமர்த்தப்பட்ட புதியவர்களுக்கு உயர்ந்த ஊதியம், இலவசச் சீருடை! கேட்டவனுக்குத் தெரு, கேளாதவனுக்குச் சம்பள உயர்வு. கோரிக்கை நியாயமானது என்பதை அரசே ஒப்புக்கொண்டது. கேட்ட வாயைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை.

புதுவையில் நடந்தது வேறா? பிரெஞ்சுக்காரர் தாராள மனத்தோடு எட்டு மணி நேர வேலையைத் தந்தனர் என்போர் உண்டு. தாராளமாம்! 1936 சூனில், லெயோன் புளும் ஆட்சியில், பிரான்சுத் தொழிலாளி போராடி வாரம் 40 மணி நேர வேலையைச் சட்டமாகவே பெற்றான். அடுத்த மாதமே, அதே ஆட்சியின் கொடி பறந்த புதுவையில், தொழிலாளி பெற்றது குண்டு. 1937இல்தான் இங்கே தொழிலாளர் சட்டம் வந்தது. பன்னிரண்டு உயிர்களை விலையாக வாங்கிய பின் வந்ததற்குக் கொடை என்றா பெயர்?

சுட்ட படையாளுக்கோ அந்தச் சங்க உரிமை பின்னரும் எட்டவில்லை. அரசின் இசைவின்றிக் காவலர் தொழிற்சங்கத்தில் சேரக்கூடாதென்று 1966இல் இந்திய நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. சூலை 30 நினைவுநாள் ஊர்வலத்தில் செல்லும் தோழர்கள், ஓரத்தில் தடியோடு நிற்கும் காவலரிடம், எத்தனை மணி நேரமாக நிற்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.