வெள்ளிமலைக்கு ஏற்ற டெர்மினல் எது?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள், சி++ நிரலைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடத்துக்கு வரும்போது கறுப்புச் சாளரம் ஒன்றின் முன்னால் உட்காருகிறார்கள். பைத்தான் என்ற சொல், நிரல் கோப்பின் பெயர், ஒரு சிறு கோட்டோடு ஐ என்ற ஆங்கில எழுத்து (-i), பிறகு சி++ கோப்பின் பெயர் என்று வரிசை பிசகாமல் தட்ட வேண்டும். ஓர் இடைவெளி தப்பினாலும் பிழைச் செய்திதான் வரும். டெர்மினலோடு பலருக்கும் அதுதான் முதல் பழக்கம். அந்தச் சாளரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, நம் வேலைக்கு ஏற்ப எப்படி மாற்றிக்கொள்வது என்பதைப் பாடம் தொடுவதில்லை. அந்த வெற்றிடத்தை யூடியூப் நிரப்புகிறது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பின்னணி, வானவில் நிறத்தில் கட்டளை வரி, யாரோ ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த அமைப்புக் கோப்புகளின் மூட்டை என்று அங்கே கிடைப்பதெல்லாம் வேறோர் ஊரின், வேறொரு மொழியின் தேவைக்குத் தைத்த சட்டை.

டெர்மினலைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்வது வீண் வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாளெல்லாம் அதன் முன்னால் உட்காருகிறவருக்கு அது கைக்கருவி. சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ வீட்டிலிருந்தபடி சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு வேலை பார்க்கும் இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். எழுத்தின் அளவைக் கூட்டுவது, வெயில் வெளிச்சத்திலும் படிக்கும்படி வெளிர் பின்னணியில் கரிய எழுத்தை வைப்பது, மேலே ஓடிப்போன வரிகளை அதிகமாகச் சேமித்துவைப்பது, நகலெடுக்கும் விசைகளைக் கைக்குப் பழக்கமானபடி அமைப்பது ஆகிய நான்கும் ஒரு மாலையில் முடிகிற வேலை. ஆண்டுக்கணக்கில் கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் ஆறுதல் தரும். இவற்றைச் செய்துகொள்ளாமல் வந்தபடியே வைத்துக்கொண்டு அவதிப்படுவதில் எந்தச் சிக்கனமும் இல்லை.

கோளாறு, தேர்வுக்கு நாம் கையில் எடுக்கும் அளவுகோலில் இருக்கிறது. 2017இல் வந்த அலாக்ரிட்டி, கிட்டி என்ற டெர்மினல்கள் வரைகலைச் சில்லைப் பயன்படுத்தித் திரையை வரைகின்றன. அதிலிருந்து 'எது வேகம்' என்ற கேள்வியே முதல் கேள்வியாகிவிட்டது. ஆயிரக்கணக்கான வரிகள் ஒரே மூச்சில் ஓடும் பதிவுக் கோப்புகளைப் பார்ப்பவருக்கு அந்த வேகம் பயன்தான். அரசு தந்த பழைய மடிக்கணினியில் பைத்தான் பழகும் மாணவிக்கு அது தேவையே இல்லை. பழைய வரைகலைச் சில்லில் இவை திறக்காமலே போவதும் உண்டு.

மாற்றிக்கொண்டே இருப்பதற்கு ஒரு விலையும் இருக்கிறது. அலாக்ரிட்டி தன் அமைப்புக் கோப்பை யாமல் வடிவத்தில் வைத்திருந்தது. 2023 இறுதியில் வந்த 0.13 பதிப்பில் டாமலுக்கு மாறியது. மாற்றித் தரும் கட்டளையைக் கூடவே கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் இணையத்தில் ஏற்கெனவே எழுதிக் குவித்திருந்த பழைய குறிப்புகளை யார் மாற்றுவது? அவற்றைப் பார்த்துப் பழகுகிற புதியவர்தான் முட்டிக்கொள்கிறார். கிட்டியின் சிக்கல் வேறு வகை. அது தன்னைத் தனிப் பெயரில் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. தொலைவில் இருக்கும் பழைய சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால், அந்தப் பெயரைத் தெரியாத சர்வர் திகைக்கும். அழிக்கும் விசை அழிக்காது, அம்புக்குறி விசை நகராது. இதைச் சரிசெய்யும் துணைக்கருவி கிட்டியிலேயே உண்டு. அப்படி ஒன்று இருப்பது தெரியாதவர், தான் ஏதோ தப்பாகத் தட்டிவிட்டதாக நினைத்து மனம் சோர்ந்துபோவார்.

சரி, நம் அளவுகோல் எதுவாக இருக்க வேண்டும்? கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இரண்டைச் சொல்வேன். தமிழ் சரியாகத் தெரிகிறதா என்பது ஒன்று. இணைப்பு அறுந்தால் வேலை பிழைக்கிறதா என்பது இன்னொன்று. வேகமும் அழகும் இவற்றுக்குப் பின்னால்தான்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். இன்றைய டெர்மினல்கள் எல்லாம் 1978இல் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்ற கருவியின் வாரிசுகள். அதன் திரை, 80 கட்டம் அகலமும் 24 வரி உயரமும் கொண்ட சதுரங்கப் பலகை. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலம் அதில் அச்சாகப் பொருந்தியது. தமிழ் அப்படிப் பொருந்தாது. 'கள்ளக்குறிச்சி' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோட் கணக்கில் 14 குறியீடு. யுடிஎஃப்-8 வடிவில் சேமித்தால் 42 பைட். பல நிரல்களும் எடுத்தாண்ட மார்க்குஸ் கூன் என்பவரின் அகலக் கணக்குப்படி அது பிடிக்கும் இடமோ 11 கட்டம். அந்தக் கணக்கில் தமிழின் மெய்ப்புள்ளிக்கும் நெடில் ஈகாரக் குறிக்கும் இடம் கிடையாது. குறில் இகரக் குறிக்குத் தனிக் கட்டம் உண்டு. ஆக 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இப்படி ஒரு விதியை வகுத்திருக்க மாட்டார்கள்.

இதன் விளைவை இடப்பெயர்ப் பட்டியல் ஒன்றைத் திறந்தாலே பார்க்கலாம். கச்சிராயபாளையம், சேராப்பட்டு, கோமுகி, வெள்ளிமலை என்று பெயர்கள் இடப்பக்கமும் எண்கள் வலப்பக்கமும் இருக்க, நேராக நிற்க வேண்டிய எண் வரிசை படிக்கட்டுபோல் முன்னும் பின்னுமாகக் கலைந்து நிற்கும். எழுத்துகளைக் கோத்துத் தரும் வேலையைச் செய்யாத டெர்மினல் என்றால் இன்னும் மோசம். 'வெள்ளிமலை'யின் ஒற்றைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாகப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். அலாக்ரிட்டி அந்த வகை. கோக்கும் பணியை அது எடுத்துக்கொள்வதே இல்லை. கேடிஇ-யின் கான்சோல் டெர்மினலில் தமிழை வாசிக்க முடிகிறது, வரிசை கலைவது அங்கும் தீரவில்லை. கிட்டியும் வெஸ்டெர்மும் ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்துகளைக் கோக்கும் நல்ல நிரலைப் பயன்படுத்துகின்றன. ஆனால் கோத்த எழுத்தை மறுபடியும் கட்டத்துக்குள் அடைத்தாக வேண்டிய கட்டாயம் அவற்றுக்கும் இருக்கிறது. இதைவிடச் சங்கடமானது, டெர்மினல் ஒரு கணக்கும் அதற்குள் ஓடும் எடிட்டர் இன்னொரு கணக்கும் வைத்திருக்கும்போது நேர்வது. அழித்த எழுத்தின் பாதி திரையிலேயே தங்கும். சுட்டி ஓரிடத்தில் நிற்க, தட்டும் எழுத்து வேறிடத்தில் விழும்.

எனவே என் பரிந்துரை எளிது. புது டெர்மினலை நிறுவியதும் நிறத்தைத் தொடாதீர்கள். உங்கள் ஊர்ப்பெயரைத் தட்டுங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, 'கொ', 'கௌ', 'லை' எல்லாம் வரும்படி நாலு சொல் தட்டி, பின்னோக்கி ஒவ்வொன்றாக அழித்துப் பாருங்கள். அதில் தேறாத டெர்மினலில் எத்தனை வண்ணம் பூசினாலும் தமிழ்த் தரவோடு வேலை செய்ய முடியாது. பெயர்ப் பட்டியலோ பாடக் குறிப்போ அகராதியோ தமிழில் கையாளுகிறவர், எழுத்தைத் திருத்தும் வேலையை மட்டும் சாதாரண எடிட்டர் சாளரத்துக்கு மாற்றிக்கொண்டு, கட்டளைகளுக்கு மட்டும் டெர்மினலை வைத்துக்கொள்வது இன்றைய நிலையில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. தமிழை விட்டுக்கொடுக்கிறோமே என்று எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இரண்டாவது அளவுகோலுக்கு வருகிறேன். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைப்பாதை ஏறினால் அலைபேசி சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதை அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் அறிவார்கள். இணையம் மெலிந்த இடத்தில் டெர்மினலைப் போல் உதவும் கருவி வேறில்லை. படங்களும் பொத்தான்களுமாக வரும் தொலைத்திரை திணறுகிற இடத்தில், வெறும் எழுத்து மட்டும் போய்வரும் எஸ்எஸ்எச் இணைப்பு தாக்குப்பிடிக்கும். ஆனால் சிக்னல் அறுந்தால் அதுவும் உறையும். சர்வரில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் கூடவே சாகும். இதற்கான விடை எந்த டெர்மினல் என்பதில் இல்லை. டிமக்ஸ் என்ற சிறு நிரல் 2007 முதல் இருக்கிறது. சர்வரில் அதைத் தொடங்கிவிட்டு அதற்குள் வேலை பார்த்தால், நம் பக்கம் மின்சாரம் போனாலும் அந்தப் பக்கம் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப நுழைந்து விட்ட இடத்தில் தொடரலாம். 2012இல் வந்த மோஷ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பை விடாது. சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் நாம் தட்டும் எழுத்தை உடனே திரையில் காட்டும். குறையும் உண்டு. சர்வரிலும் அதை நிறுவ வேண்டும், அது கேட்கும் யுடிபி வாயில்களைப் பல நிறுவனங்கள் அடைத்துவைத்திருக்கின்றன, மேலே ஓடிய வரிகளைத் திரும்பப் பார்க்க முடியாது. ஆகவே எங்கும் செல்லுபடியாவது டிமக்ஸ்தான். நிறத் தொகுப்பைத் தேடி ஓர் இரவைச் செலவிடுகிறவர், அதில் பாதி நேரத்தை டிமக்ஸ் பழகச் செலவிட்டால் போதும்.

மடிக்கணினியே இல்லாதவர்களுக்கு ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் இருக்கிறது. பைத்தான், கிட், எஸ்எஸ்எச் எல்லாம் கைப்பேசியில் ஓடும். எஃப்-டிராய்டு களஞ்சியத்திலிருந்து எடுப்பது நல்லது. ஆண்ட்ராய்டு 12 முதல், பின்னணியில் ஓடும் துணைச் செயல்கள் 32ஐத் தாண்டினால் அமைப்பே அவற்றை நிறுத்திவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பழகுவதற்குப் போதும், பிழைப்புக்குப் போதாது.

பிறர் அமைப்புக் கோப்புகளை அப்படியே அள்ளிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் மாணவர்களைத்தான் அதிகம் கெடுக்கிறது. நூறு சுருக்குக் கட்டளைகள் கொண்ட கோப்பை இறக்கிப் பழகியவர், கல்லூரி ஆய்வகக் கணினியிலோ நேர்முகத் தேர்வில் தரும் கணினியிலோ அந்தச் சுருக்குகள் இல்லாமல் கைகட்டப்பட்டவராகிறார். மூலக் கட்டளை அவருக்குத் தெரியாது. அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வரியும் நாமே ஒரு தேவை கருதி எழுதியதாக, ஏன் எழுதினோம் என்று தமிழில் ஒரு குறிப்போடு இருக்க வேண்டும். ஐந்து வரியே இருந்தாலும் அது நம்முடையது.

இதைச் சொல்லித் தர ஆளில்லை என்று சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாகும் வரை விழுப்புரத்தோடு இருந்தது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு 2013 முதல் இந்தப் பகுதியில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பி வருகிறது. நித்யா துரைசாமி தமிழில் எழுதிய லினக்ஸ் நூல் கணியம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடிப்படைக் கட்டளைகளுக்கு அது போதும்.

அந்தக் குழுவினரிடமும், இதைப் படிக்கும் கணினி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் டெர்மினலில் 'வெள்ளிமலை' சிதைந்து தெரிந்தால் வேறொன்றுக்கு மாறிவிட்டு மறந்துவிடாதீர்கள். திரையைப் படம்பிடித்து, எப்படித் தெரிய வேண்டும் என்பதையும் சேர்த்து, அந்த மென்பொருளை உருவாக்குகிறவர்களுக்குப் பிழை அறிக்கை அனுப்புங்கள். இவை பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் இந்தப் பிழையைத் தானாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை.