கார்முகிலுக்குக் கறுப்பு வண்ணமா?

மழை மேகத்தை வரையச் சொன்னால் கை உடனே கறுப்பைத் தேடுகிறது. நீர்வண்ணத்தில் வரைவோருக்கு இப்பழக்கத்தைத் தடுக்க ஒரு துணை உண்டு. கறுப்பில் தண்ணீர் கலந்தாக வேண்டும். கலந்ததும் அது தானாகவே சாம்பலாக இளகிவிடும். கணினித் திரையில் அந்தத் துணையும் இல்லை. மேகத்தின் மீது ஓர் அடுக்கை வைத்து, அதைப் ‘பெருக்கல்’ முறைக்கு மாற்றி, பெரிய தூரிகையால் நான்கு முறை இழுத்தால் போதும், வானம் இருண்டுவிடும். நூல் அட்டைகளிலும், வாழ்த்துப் படங்களிலும், காணொளிகளின் முகப்பிலும் இன்று நாம் காணும் டிஜிட்டல் கார்முகில்களில் பெரும்பாலானவை இவ்வாறு பிறந்தவையே. அவை மிரட்டுகின்றன, ஆனால் மழை பெய்யும் என்ற நம்பிக்கையைத் தருவதில்லை.

குறை எங்கே இருக்கிறது? முதலில், மழை மேகம் ஏன் கருத்துத் தெரிகிறது என்பதைப் பார்ப்போம். மேகத்தில் உள்ள நீர்த்திவலையின் ஆரம் சுமார் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். அலையைவிடத் திவலை பன்மடங்கு பெரியதாகையால், எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறச் செய்கிறது. அதனால்தான் மேகம் வெண்மையாக இருக்கிறது. தண்ணீர் இந்த ஒளியை உறிஞ்சுவது மிகச் சொற்பம். ஆகவே கார்முகில் ஒளியைத் தின்றுவிடுவதில்லை. வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது. தடித்த இடிமேகம் தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கை மேல்நோக்கியே திருப்பிவிடும். விமானத்திலிருந்து பார்ப்பவருக்குக் கண் கூசும் வெள்ளையாகத் தெரிவதும், கீழே நிற்கும் உழவருக்குக் கருமையாகத் தெரிவதும் ஒரே மேகந்தான். கருமை என்பது மேகத்தின் நிறமன்று. நாம் நிற்கும் இடத்தின் விளைவு.

இதிலிருந்து ஓவியருக்கு ஒரு கணக்குக் கிடைக்கிறது. வானம் முழுதும் மூடிய நாளில் வயலுக்கு ஒளி தருவது அந்த மேகத்தின் அடிப்பாகமே. புல்வெளியோ ஈர மண்ணோ, தன்மீது விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் திருப்பித் தரும். எனவே வானம் தரையைவிட வெளிச்சமாக இருந்தே தீர வேண்டும். நம் ஓவியர்கள் பலர் தீட்டுவது இதற்கு நேர்மாறு: பச்சைப் பசேலென்று ஒளிரும் வயல், அதன்மேல் கரி பூசிய வானம். அப்படியானால் வயலுக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு, அழகான விதிவிலக்கு. கதிரவன் தாழ்ந்திருக்க, மேகம் எதிர்த்திசையில் நின்றால், நேரடி வெயில் வயலையும் கொக்குகளையும் ஒளிரச் செய்யும். பின்னணியில் மேகம் இருண்டு நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பகாரி ஓவியர்கள் கருமேகத்தின் குறுக்கே வெள்ளைப் பறவைகளைப் பறக்கவிட்டார்கள். அவர்கள் மேகங்கள் சுருள் சுருளாக, அலங்காரமாகத்தான் இருக்கும். ஆயினும் அந்த வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள உறவு கண்ணால் கண்டறிந்தது.

திரையில் எண்களால் நேரும் மயக்கம் வேறு. கணினியில் கறுப்பு 0, வெள்ளை 255. பாதி எண்ணான 128 பாதி வெளிச்சம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது தருவது முழு வெளிச்சத்தில் நூற்றுக்குச் சுமார் 22 பங்குதான். 30 என்ற எண்ணுக்கு இறங்கினால் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அந்த எண்ணில் தீட்டிய மேகம் மேகமாக இராது; பாறையாகிவிடும்.

கள்ளக்குறிச்சியையே எடுத்துக்கொள்வோம். ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடிமேகம் மலைமீது திரளும்போது கதிரவன் அதற்குப் பின்னால் இருப்பான். நாம் காண்பது மேகத்தின் நிழற்பக்கம். ஆகவே அது கருநீலம். விளிம்பு மட்டும் வெள்ளியாக மின்னும். அங்கே மேகம் மெல்லியது, திவலைகள் ஒளியை முன்நோக்கிச் சிதறச் செய்கின்றன. அதே வேளையில் மலைக்கு மேற்கே, சேலம் மாவட்டப் பக்கத்தில் நிற்பவர், வெயில் மறைபடாதிருந்தால், அதே மேகத்தை வெண்கோபுரமாகக் காண்பார். மேகத்தை வரையுமுன் கதிரவன் எங்கே என்று முடிவு செய்யாத ஓவியர் இவ்விரண்டையும் ஒரே படத்தில் கலந்துவிடுகிறார்.

மலையையும் மேகத்தையும் சேர்த்து வரைவதிலும் ஒரு தவறு வழக்கமாகிவிட்டது. மலை முழுதாகத் தெரியும். மேகம் அதற்கு மேலே தனியாக மிதக்கும். மேகத்தின் அடி உயரத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். காற்றின் வெப்பநிலைக்கும் அதன் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டில் ஒவ்வொரு பாகைக்கும் 125 மீட்டர். வெப்பநிலை 28 பாகை, பனிநிலை 24 பாகை என்றால் மேகத்தின் அடி தரையிலிருந்து 500 மீட்டரில் இருக்கும். கல்வராயன் முகடுகளோ அதற்கு மேலே உயர்ந்தவை. ஆகவே அத்தகைய நாளில் மேகம் மலையின் தலையை வெட்டிவிடும். அம்மலையிலுள்ள ஓர் அருவிக்கு மேகம் நீர்வீழ்ச்சி என்றே பெயர். மலைமக்களுக்கு மேகம் தலைக்கு மேலே இருக்கும் பொருள் மட்டுமன்று.

இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் ஹாம்ப்ஸ்டெட் குன்றில் நின்று மேகங்களை மட்டுமே எண்ணெய் வண்ணத்தில் வரைந்து குவித்தார். படங்களின் பின்புறம் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். லூக் ஹோவர்டு 1803-இல் மேகங்களுக்கு வகைப்பெயர் சூட்டியிருந்த காலம் அது. நம் காலத்தில் ‘ஹொரைசன் ஜீரோ டான்’ என்ற கணினி விளையாட்டை ஆக்கிய நெதர்லாந்து நிறுவனமான கெரில்லா கேம்ஸ், மேகத்துள் ஒளி மங்கும் விதியையும் முன்நோக்கிச் சிதறும் விதியையும் வாய்பாடுகளாக்கித் தன் வானத்தை அமைத்தது. அம்முறையை 2015-இல் வெளிப்படையாக விளக்கியது. விளையாட்டுக்கே இத்தனை உழைப்பு! ஆயத்தமாகக் கிடைக்கும் மேகத் தூரிகையை முத்திரைபோல் குத்திக்கொண்டே போகும் நம் இளைஞர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. மேலைநாட்டுப் படங்களில் கருமேகம் கேட்டின் அறிகுறி. பேய்வீட்டின் மேலும் போர்க்களத்தின் மேலும் அது திரளும். நம் இலக்கிய மரபில் கார் என்பது முல்லைத் திணைக்குரிய பருவம், பிரிந்தவர் திரும்பும் காலம். மலையில் சாமை விதைத்தவரும் அடிவாரத்தில் கரும்பு நட்டவரும் எதிர்நோக்கியிருப்பதும் அதனையே. திரைப்படச் சுவரொட்டியிலிருந்து அச்சத்தைக் கடன் வாங்கி அதே மேகத்தின்மீது பூசுவதை வெறும் நுணுக்கப் பிழை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழையின் படைமேகத்தையோ யாரும் வரைவதே இல்லை. அதில் உருவம் கிடையாது. எங்கும் ஒரே சாம்பல். அதிலும் ஒழுங்கு உண்டு. முழுதும் மூடிய வானத்தில் உச்சிப் பகுதி அடிவானத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஒளியுடையது என்று மூன், ஸ்பென்சர் என்ற இருவர் 1942-இலேயே வாய்பாடு தந்துள்ளனர். நம் படங்களிலோ உச்சிதான் இருட்டு. அடிவானத்தில் வெளிச்சப் பட்டை தெரிவது நெருங்கி வரும் இடிமேகத்துக்குப் பொருந்தும், அடைமழைக்குப் பொருந்தாது.

கடைசியாக மழைக்கோடுகள். படம் முழுவதும் ஒரே சாய்வில், ஒரே தடிப்பில் வெள்ளைக் கோடுகளை ஓர் அடுக்காகப் போர்த்திவிடுகின்றனர். 2 மி.மீ. விட்டமுள்ள துளி நொடிக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர் விழுகிறது. முற்றத்தில் விழும் துளி கோடாகத் தெரியும். பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் விழும் துளி தெரியவே தெரியாது. அங்கே மழை என்பது மேகத்தின் அடியிலிருந்து தொங்கும் சாம்பல் திரை. நடுவிலுள்ள காற்றின் ஒளிச்சிதறலால் சற்றே நீலம் கலந்து, மலையடிவாரத்தை மெதுவாக மறைத்துக்கொண்டு வரும். அதற்குத் தனித் தூரிகை தேவையில்லை. மலையின் வண்ணத்தை மேகத்தின் வண்ணத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால் போதும்.