வெற்றி நூல்களும் தோற்றவர் கணக்கும்

தொழில், சொந்தப் பண நிர்வாகம், வாழ்க்கை முன்னேற்றம் ஆகியவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூல்கள் இன்று புத்தகக் கடைகளில் ஒரே அடுக்கில் வைக்கப்பட்டாலும், அவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. ஆயினும் அவை அனைத்தையும் ஒரு கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம். ஒரு நூல் தான் சொல்லும் வழியில் சென்று வென்றவர்களை மட்டும் காட்டுகிறதா, அதே வழியில் சென்று தோற்றவர்களையும் கணக்கில் சேர்க்கிறதா என்பதே அது.

முன்னேற்ற நூல் என்ற வகைக்கு வடிவம் தந்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த சாமுவேல் ஸ்மைல்ஸ். லீட்ஸ் நகரில் தாமாகவே கூடிப் படித்துவந்த உழைப்பாளி இளைஞர்களுக்கு அவர் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்த 'செல்ஃப் ஹெல்ப்' 1859-இல் வெளிவந்தது. மட்கலங்களுக்கு ஏற்ற வெண்பூச்சைத் தேடி ஆண்டுக்கணக்கில் தோற்று, இறுதியில் வீட்டு மரச்சாமான்களையே சூளைக்கு விறகாக்கிய பெர்னார் பாலிசியின் வரலாற்றை ஸ்மைல்ஸ் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், வெற்றியைவிட விடாமுயற்சியே அவருக்குப் பெரிதாகத் தோன்றியதுதான். 1871-இல் ஜப்பானிய மொழிக்குச் சென்ற இந்நூல் மெய்ஜி காலத்து இளைஞர்களிடையே பரவியது. தறி இயந்திரங்களை உருவாக்கிய சகிச்சி டொயோடாவும் அதன் வாசகர்களில் ஒருவர்.

அடுத்த தலைமுறையில் உழைப்பின் இடத்தை எண்ணம் பிடித்துக்கொண்டது. மனிதனின் நிலையை அவன் எண்ணங்களே ஆக்குகின்றன என்று 1903-இல் எழுதிய ஜேம்ஸ் ஆலனைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் வ.உ.சிதம்பரனார். 'மனம்போல வாழ்வு', 'அகமே புறம்' என்ற அவருடைய மொழிபெயர்ப்புகளைப் படிப்போர், ஆலன் வாசகனுக்குப் பணம் எதையும் வாக்களிக்கவில்லை என்பதையும், அந்நூல்கள் ஒழுக்க நூல்களாகவே நிற்கின்றன என்பதையும் உணர்வர். அதே கருத்தைச் செல்வம் சேர்க்கும் முறையாக மாற்றியது நெப்போலியன் ஹில்லின் 'திங்க் அண்ட் க்ரோ ரிச்' (1937). எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1908-இல் தம்மிடம் இப்பணியை ஒப்படைத்தார் என்று ஹில் எழுதினார்; கார்னகியோ 1919-இலேயே இறந்துவிட்டார்; அச்சந்திப்புக்கு ஹில்லின் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. தீவிரமாக விரும்பியும் செல்வம் வராதவனிடம், விருப்பம் போதவில்லை என்று சொல்லிவிடலாம். எந்தத் தோல்வியாலும் பொய்ப்பிக்க முடியாத இத்தகைய கூற்றை நம்பிக்கை என்று கொள்ளலாமேயன்றி அறிவு என்று கொள்ள இயலாது.

இம்மரபின் மிக உயர்ந்த பகுதி முதலீட்டு நூல்களில் உள்ளது. தோல்வியை முன்வைத்தே தொடங்கியதுதான் அதன் உயர்வுக்குக் காரணம். 1929-இல் தொடங்கிய பங்குச் சந்தை வீழ்ச்சியில் தம் பொறுப்பிலிருந்த பணத்தின் பெரும்பகுதி கரைந்ததைக் கண்ட பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாடுடன் சேர்ந்து 1934-இல் 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' நூலையும், பொதுவாசகருக்காக 1949-இல் தனியாக 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' நூலையும் எழுதினார். பாதுகாப்பு இடைவெளி என்பது அவருடைய மையக் கருத்து. ஒரு பங்கின் உண்மைப் பெறுமானம் 100 ரூபாய் என்று கணித்தவர் அதை 100 ரூபாய்க்கு வாங்காமல் 65 ரூபாய்க்குக் கிடைக்கும்போது வாங்கினால், கணிப்பில் பிழை நேர்ந்தாலும் அந்த 35 ரூபாய் அவரைக் காக்கும். கணிப்பவர் தவறக்கூடும் என்பதையே முறையின் அடித்தளமாக்கிய இந்த நேர்மை, வெற்றி நூல்களில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது.

கிரகாமின் எச்சரிக்கையை வேறு திசையில் கொண்டுசென்றவர் ஜான் போகிள். பங்குகளைத் தேர்ந்தெடுக்க முயலாமல் சந்தைக் குறியீட்டிலுள்ள பங்குகள் அனைத்தையும் அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் நிதியே இண்டெக்ஸ் ஃபண்ட். முதலீட்டாளர்கள் எல்லோரும் சேர்ந்ததே சந்தை என்பதால், செலவுக்கு முன் அவர்களுடைய சராசரி ஈட்டம் சந்தையின் ஈட்டத்துக்குச் சமம். ஆகவே கட்டணங்களைக் கழித்தபின் அது கட்டாயம் குறையும் என்பது அவருடைய வாதம். 1976-இல் பொதுமக்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டை அவர் தொடங்கியபோது 15 கோடி டாலர் எதிர்பார்க்கப்பட்டு, ஏறத்தாழ 1.1 கோடி டாலரே திரண்டது. வாசகனுக்குப் பெருஞ்செல்வத்தை வாக்களிக்காத அவருடைய நூல்கள் எளிய கூட்டல் கழித்தலால் நிறுவத்தக்கவை.

நிர்வாக நூல்களில் பீட்டர் டிரக்கரின் 'தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' (1954) இன்றும் படிக்கத்தக்கது. பின்னர் வந்த ஆய்வு நூல்களின் சிக்கலை ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' (2001) தெளிவாகக் காட்டும். அது 1,435 நிறுவனங்களிலிருந்து 11 நிறுவனங்களைத் தேர்ந்து, அவற்றை அதே துறையில் பின்தங்கியவற்றோடு ஒப்பிட்டது. இவ்வளவில் அது பாராட்டத்தக்கது. ஆனால் தேர்ந்த பதினொன்றில் ஃபேனி மே 2008-இல் அரசின் பொறுப்புக்குச் சென்றது. அதே ஆண்டு திவால் மனு அளித்த சர்க்யூட் சிட்டி 2009-இல் மூடப்பட்டது. வென்ற நிறுவனத்தைப் பற்றிப் பத்திரிகைகளும் அதன் அலுவலர்களும் பின்னாளில் சொல்லும் செய்திகள் வெற்றியின் ஒளியிலேயே நிறம் பெறுகின்றன என்றும், அவற்றிலிருந்து காரணங்களைப் பிரித்தெடுக்க முடியாது என்றும் ஃபில் ரோசன்ஸ்வைக் 'தி ஹேலோ எஃபெக்ட்' (2007) நூலில் காட்டினார். இவ்வகை ஆய்வுகளைப் பற்றி எழுதப்பட்ட கூரிய திறனாய்வு இதுவே.

தோற்றவர் கணக்கையும் உள்ளடக்கும் தொழில் நூலுக்கு வேண்டிய மூலப்பொருள் தமிழ்நாட்டிலேயே உண்டு. பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்து வளர்ந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தபோது, கொடுத்த பணத்துக்குப் பதிலாக நிலங்களைப் பெற நேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களுடைய நிலம் 1937–38-இல் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. வெளிப்பார்வைக்குச் சொத்தாகத் தெரிந்த அது உண்மையில் முடங்கிப்போன முதல். போரும் பின்னர் வந்த நில தேசியமயமாக்கலும் அதையும் கொண்டுபோயின. டேவிட் ரட்னர் 1994-இல் நகரத்தாரின் வணிக அமைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு நூல் எழுதினார். பேரேடும் ஐந்தொகையும் அவ்வளவு கவனமாக எழுதிய ஒரு வணிகச் சமூகம் எந்த ஈட்டின் பேரில் எவ்வளவு கொடுத்தது, ஒரே பயிரின் விலையை ஏன் அத்தனை நம்பியது, எந்த ஆண்டில் வெளியேறியிருக்கக் கூடும் என்பவற்றுக்கு விடை காணும் நூல், கிரகாமுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தக்கதாக அமையும்.