தீவையே நகர்த்தியவர்

விண்வெளிக் கதைகளுக்கும் இந்தப் பூமிக்கும் என்ன உறவு என்று கேட்பவரைத் திருகோணமலைக்குக் கூட்டிவரலாம். பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் மான்களைத் தாண்டி ஏறினால் கோணேசர் கோவில். அருகே கடலைப் பார்த்துப் பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டு. இந்தப் பாறையடிக் கடலில்தான் 1956இல் விண்வெளிக் கதைகளை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மூழ்கி, போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய பழைய கோவிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டார்கள்.

1979இல் வெளியான 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் கிளார்க் வான்வெளிக்கு மின்தூக்கி கட்டினார். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்கும் செய்மதியிலிருந்து தொங்கவேண்டிய வடம் அது. அதன் அடியை இலங்கையில் ஊன்ற நினைத்தார். இலங்கையோ கோட்டுக்கு வடக்கே கிடக்கிறது. மனுசன் அசரவில்லை, தீவை 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி, தப்ரபேன் என்ற பழைய பெயரையே சூட்டினார். தாய்க்காகத் திருகோணமலைப் பாறையைப் பெயர்க்கப் பார்த்ததாகக் கதைகள் சொல்லும் இராவணனுக்கும் இந்தத் துணிச்சல் வந்திருக்காது! சிகிரியா யக்ககல ஆயிற்று. சிவனொளிபாதமலையின் உயரம் இரட்டித்தது. அது சிகிரியாவுக்குக் கிட்டவும் வந்தது.

எனக்குப் பிடித்தது, இந்தத் திருத்தங்களை அவர் ஒளிக்காததுதான். நூலின் பின்னுரையிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார்.